எண்ணி ஒப்படைக்க வேண்டிய பெட்டி

பொம்மையக்கா என்று சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது; அங்கேயே சௌக்கியமாக இருந்துவிட்டுப் போகட்டும். மாவட்டம் மாவட்டமாகப் போய், சின்னச் சின்னச் சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்க்கும் நர்ஸுகளை உட்கார வைத்து, ரப்பர் பொம்மையைக் காட்டிப் பாடம் நடத்துவது அவள் வேலை. பிறந்த குழந்தை அழவில்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் பாடம். அதையே வருஷக்கணக்காக நடத்தினாள். அலுக்கவில்லையா என்று யாராவது கேட்டால், "குழந்தைங்க அலுத்துப்போய் பிறக்காம இருக்குதுங்களா?" என்று திருப்பிக் கேட்பாள்.

அதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருந்தாள். இந்தக் கோடியில் நின்று அவள் போடும் அதட்டல், அந்தக் கோடியில் வலியில் கிடப்பவளுக்குத் தைரியம் கொடுக்கும். வலிக்கு நடுவிலும் சிரிக்க வைத்துவிடுவாள். அந்தச் சமயத்தில்தான் பணக்கார நாடு ஒன்றுக்கு இந்த நாட்டின் மேல் இரக்கம் வந்தது. பிறந்த முதல் நிமிடத்திலேயே மூச்சு விடாமல் போய்ச் சேரும் குழந்தைகளைக் காப்பாற்ற ஒரு திட்டம் என்று பணம் வந்தது. பணத்தோடு பொம்மைகளும் கப்பலேறி வந்தன. பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு பேச வாயுள்ள ஆள் வேண்டுமே! வார்டு டாக்டர் இவளைக் கைகாட்டிவிட்டார்.

பொம்மை என்றால் கடையில் தொங்குகிற பொம்மை இல்லை. சும்மா இருக்கும்போது துவண்டு கிடக்கும். முதுகில் ஒரு திருகுமூடி. அதைத் திறந்து இளஞ்சூட்டில் தண்ணீர் ஊற்றினால் நிஜக் குழந்தையின் கனம் வந்துவிடும், சூடும் வந்துவிடும். கழுத்து நிற்காது. தாங்கிப் பிடிக்காவிட்டால் தலை சாய்ந்துவிடும். வயிற்றிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து சின்ன ரப்பர் குமிழில் முடியும். அந்தக் குமிழ் பொம்மையக்காவின் உள்ளங்கைக்குள் இருக்கும்.

நர்ஸ் முதலில் பொம்மையைத் துடைக்க வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும். அப்படியும் அசையவில்லையென்றால் மூச்சுப் பையை எடுக்க வேண்டும். கையால் அமுக்கும் ரப்பர் பை அது. நுனியில் குழந்தையின் மூக்கையும் வாயையும் மட்டும் மூடுகிற அளவுக்குச் சின்ன முகமூடி. சரியாக வைத்து அமுக்கினால் பொம்மையின் மார்பு எழும்பி அடங்கும். அது எழும்பிய பிறகுதான் பொம்மையக்கா குமிழை அமுக்குவாள். 'கீ' என்று பொம்மை அழும். அறையே கைதட்டும். அந்த அழுகையைத் தருவதா வேண்டாமா என்பது தன் கைக்குள் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், அப்போது அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

பாடம் முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, துடைத்து, பொம்மைகளையும் மூச்சுப் பைகளையும் தகரப் பெட்டியில் அடுக்கிப் பூட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. அந்தப் பணக்கார நாட்டின் பணம் பயிற்சிக்கு மட்டும்தான். கருவி வாங்கித் தருவது இன்னொரு பணக்கார நாட்டின் பொறுப்பு. அந்த நாட்டில் ஆட்சி மாறி, புதிதாக வந்தவர்களுக்குக் கொசுவலை மேல் காதல் வந்துவிட்டது. ஆக, மூச்சுப் பையை எப்படிப் பிடிப்பது என்று நாடு முழுக்க நர்ஸுகளுக்குத் தெரிந்தது. பிடிப்பதற்குப் பைதான் இல்லை. இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்; அந்த நர்ஸுகளும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

தலைநகரத்து அலுவலகத்தில் இந்தத் திட்டத்துக்கு ஒரு அதிகாரி இருந்தார். எதைக் கேட்டாலும் "அடுத்த காலாண்டுல வந்துடும்" என்பார். அதனால் அவர் பெயரே அடுத்த காலாண்டு சார் என்று ஆகிவிட்டது. கெட்டவர் இல்லை. பயந்தவர். ஒவ்வொரு தடவை பெட்டியைக் கொடுக்கும்போதும் பொம்மையக்காவிடம் அதையே சொல்வார்.

"எண்ணி எடுத்துட்டுப் போங்க, எண்ணி ஒப்படைங்க. ஒரு முகமூடி குறைஞ்சாலும் தணிக்கைக்காரங்க என் கழுத்துல உக்காந்துடுவாங்க. திட்டமே நின்னுபோயிடும், பாத்துக்கோங்க."

பொம்மையக்கா பார்த்துக்கொண்டாள். பெட்டியைப் பூட்டுவதற்கு முன் எண்ணுவாள். ஜீப்பில் ஏற்றும் முன் மறுபடி திறந்து எண்ணுவாள். தலைநகரத்துக் கிடங்கில் இறக்கிவிட்டு வந்தால், அங்கே பிறகு எண்ணிச் சரிபார்ப்பார்கள் என்று நினைத்திருந்தாள். "எங்களுக்கு எப்பக்கா வரும்?" என்று நர்ஸுகள் கேட்டால், "வந்துடும்மா" என்பாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வந்துவிடும் என்றுதான் அவளும் நம்பினாள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்திதான் கடைசி பஸ் சிஸ்டர். பஸ் போய்த் திரும்பும் இடத்தில் இருந்தது அவளுடைய சுகாதார நிலையம். இரண்டு அறை, வெளியே ஒரு குழாய், வாசலில் ஒரு பெஞ்சு. பாதை அதற்கு மேல் ஜீப்புக்கும் ஆகாது. அதற்கு அப்பால் இருக்கும் ஊர்களிலிருந்து பெண்கள் நடந்தோ கட்டிலில் தூக்கிக்கொண்டோ வருவார்கள். சிஸ்டர் ஒல்லியாக இருப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். ஆனால் கை இருக்கிறதே, அது வேறு. முதல் நாள் பயிற்சியிலேயே அவள் கையில் பொம்மை தானாக மூச்சுவிடுவது போல இருந்தது. "எல்லாரும் இவ கையைப் பாருங்கடி," என்று பொம்மையக்கா வாய்விட்டுச் சொன்னாள்.

கிளம்பும்போது, பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் சிஸ்டர் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு மூச்சுப் பை மட்டும் விட்டுட்டுப் போங்களேன்."

"என்னம்மா, விளையாடறியா? எண்ணி ஒப்படைக்கணும்."

"எங்ககிட்ட இருக்கறது பெரியவங்களுக்கான பை. அத வெச்சா குழந்தையோட மூஞ்சியே மூடிடும். உங்க பெட்டியில இத்தனை இருக்கேக்கா. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணு குறைஞ்சா திட்டமே நின்னுடும்மா. அப்புறம் யாருக்குமே இல்லாம போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ. வந்துடும்."

சிஸ்டர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஜீப் வரைக்கும் தூக்கிவந்து ஏற்றிவிட்டாள். பிற்பாடு பொம்மையக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது இதுதான். மறுத்ததை விட, அவளே தூக்கிவந்து ஏற்றிவிட்டது.

மழைக்காலம் போய், மறுபயிற்சி மாவட்ட அலுவலகத்தின் மாடியில் நடந்தது. படித்ததை மறந்துவிடாமல் இருக்க நடத்துவது. ஒவ்வொருத்தியாக வந்து செய்து காட்ட, பொம்மை அழ, கைதட்டல், கிண்டல் என்று அறை கலகலவென்று இருந்தது. கடைசி பஸ் சிஸ்டர் முறை வந்தது. பொம்மையை வாங்கினாள். துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். பையை எடுத்து முகத்தில் பொருத்தி அமுக்கினாள். மார்பு அழகாக எழும்பியது. பொம்மையக்கா குமிழை அமுக்கினாள். பொம்மை அழுதது.

சிஸ்டர் நிறுத்தவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா, குழந்தை அழுதாச்சு," என்றாள் பொம்மையக்கா. யாரோ சிரித்தார்கள். சிஸ்டர் தலையைத் தூக்கவில்லை. பை எழும்பியது, அடங்கியது, எழும்பியது. கொஞ்ச நேரத்தில் அறையில் அந்தப் பையின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பொம்மையக்கா எழுந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"கழுத்துல தொப்புள்கொடி சுத்தியிருந்துச்சுக்கா. எடுத்துட்டேன். துடைச்சேன், தேச்சேன், நீங்க சொன்ன மாதிரியே. அசையல. வாயை வெச்சு ஊதினேன். காத்து பாதி வெளியிலயே போயிடுச்சு. நெஞ்சுத் துடிப்பு இருந்துச்சுக்கா. ரொம்ப நேரம் இருந்துச்சு. கையில வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் கைக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. கைதான் காலியா இருந்துச்சு."

அறையில் இருந்த ஒவ்வொருத்தியும் அவளவள் பிரசவ அறையை நினைத்துக்கொண்டாள் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"அந்தக் குழந்தையோட அம்மா சந்தைக்கு வர்றப்பல்லாம் நம்ம நிலையத்துக்கு வர்றாங்க," என்றாள் சிஸ்டர். "பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அப்புறம் எழுந்து போயிடுவாங்க. அவங்க இருக்கற வரைக்கும் என்னால அந்தக் கதவைத் தாண்டி வெளிய வரமுடியல."

போகும்போது அவள் பொம்மையக்காவைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "புதுத் திட்டம் போடறாங்களாமேக்கா. நீங்க போய்ச் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பாங்க," என்றாள்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் பொம்மையக்காவைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் முன் சீட்டுக் குழந்தை ஒன்று ரப்பர் வாத்தை அமுக்கிக் 'கீ கீ' என்று விளையாட, பாதி வழியில் இறங்கிவிட்டாள். வெயிலில் நடந்தே வீடு வந்தாள். துணி பிழியும்போது, ஈரத்துணியிலிருந்து காற்று வெளியேறும் சின்னச் சத்தத்துக்குக்கூட அவள் கை நின்றுவிடும். எதிர்வீட்டுக் குழந்தை அழுதால் நிம்மதி. அழாமல் தூங்கினால் இவள் ஜன்னலில் போய் நிற்பாள். எந்தக் குழந்தை எந்த நேரத்தில் எந்தப் பஸ் பாதையின் கோடியில் அழாமல் கிடக்கிறதோ என்று நினைப்பு ஓடும். பேயறைந்தவள் போல உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மிஷின். அவருக்கும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. இரண்டு பையன்களும் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனபிறகு, இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்வதில்தான் பொழுது போயிற்று. ஒரு மத்தியானம் அளவு நாடாவைத் தேடி உள்ளறைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டிலில் துண்டு சுற்றி ஒரு குழந்தை படுத்திருந்தது. தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, இது என்ன இது?"

பொம்மையக்கா அடுப்படியிலிருந்து வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தாள். "சுத்தம் பண்ண எடுத்துட்டு வந்தேங்க. தண்ணியைக் கொட்ட மனசு வரல. கொட்டினா சில்லுனு ஆயிடுது."

"அதனால?"

"ஆறிப்போனா மாத்தி ஊத்தறேன்."

தையல்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கிண்டல் செய்ய வாயெடுத்து, வரவில்லை. "இதப் பாத்து நான் பயப்படணுமா, உன்னப் பாத்துப் பயப்படணுமா, சொல்லு," என்றார். அவள் அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பார்த்திராத அழுகை. கடைசி பஸ் சிஸ்டரின் கதை அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"நீ என்ன பண்ணுவ? மேல இருக்கறவங்க சொன்னதைச் செஞ்ச," என்றார்.

"அதைத்தான் நானும் சொல்லிப் பாக்கறேன். அது கேக்க மாட்டேங்குது."

எது கேட்க மாட்டேன் என்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவர் கண் கட்டிலில் இருந்ததன் மேல் போய்விட்டுத் திரும்பியது.

அடுத்த ஐந்தாண்டுச் சுகாதாரத் திட்டத்துக்கான கூட்டம் தலைநகரத்துப் பெரிய ஓட்டலில் கூடியது. பணம் தருகிற நாடுகள், பணம் வாங்குகிற அதிகாரிகள், நடுவில் குளிர்பதனம். வட்ட வட்ட மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: பயிற்சி, கருவிகள், மருந்து, கட்டடம். நினைப்பதைக் கலர் காகிதத்தில் எழுதி அந்தந்த மேசைப் பலகையில் ஒட்ட வேண்டும். அதுதான் திட்டமிடுதலாம். பொம்மையக்காவை அழைத்திருந்தது, சாப்பாட்டுக்கு முன்னால் மேடையில் பொம்மையைச் செய்து காட்ட. ஆனால் அவள் வந்தது வேறு காரியத்துக்கு. 'எல்லா பிரசவ அறைக்கும் மூச்சுப் பை' என்று மஞ்சள் காகிதத்தில் எழுதிப் பயிற்சி மேசையில் ஒட்டினாள். கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் அதை மரியாதையாகப் பிய்த்துக் கையில் கொடுத்தான்.

"இது கருவிகள் மேசைக்குப் போகணும்மா."

கருவிகள் மேசையில் ஒரே ஒரு மனிதர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டுங்க ஒட்டுங்க," என்றார் அவர். "ஆனா இந்த மேசைக்கு இந்தத் தடவை யாரும் பணம் தர்றதா இல்லைங்க. காலியா இருந்தா நல்லாருக்காதுன்னு என்னை உக்கார வெச்சிருக்காங்க."

பொம்மையக்கா ஒட்டினாள். அந்தப் பலகையில் அது ஒன்றுதான் இருந்தது.

மேடையில் பணம் தரும் நாட்டு அம்மாள் தானே செய்து பார்க்கிறேன் என்று முன்வந்தார். நல்ல மனுஷி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அக்கறையாகச் செய்தார். துடைத்தார், தேய்த்தார், பையை வைத்து அமுக்கினார். மார்பு எழும்பியது. எல்லோரும் பொம்மையக்காவைப் பார்த்தார்கள். குமிழ் அவள் உள்ளங்கையில் இருந்தது. அவள் விரல் மடங்கவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. அமுக்க நினைத்தாள், சிஸ்டரின் சில்லென்ற மணிக்கட்டுதான் கைக்குள் இருந்தது.

அந்த அம்மாள் அமுக்கிக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மண்டபம் அடங்கிப்போயிற்று. என்ன தப்பு செய்தேன் என்பது போல அவர் பொம்மையக்காவை நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கண்களில் நிஜமான பயம் இருந்தது.

"நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க," என்றாள் பொம்மையக்கா. ஒலிபெருக்கி அவள் குரலை மண்டபம் முழுக்கக் கொண்டுபோயிற்று. "ஆனா உங்க கையில இருக்கற இந்தப் பை அங்க இல்லைங்க. நாங்க சொல்லிக் குடுத்துட்டு, எடுத்துட்டு வந்துடறோம். அங்க குழந்தை இப்படியேதான் கிடக்கும். இப்படியேதான் கிடந்துச்சு."

அடுத்த காலாண்டு சார் பாய்ந்து மேடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, சட்டையெல்லாம் வியர்வை. அந்த அம்மாளின் பக்கம் குனிந்து அவர் பாஷையில் என்னவோ சொன்னார். பொம்மை பழசாகிவிட்டது, உழைத்து ஓய்ந்துவிட்டது, பயிற்சியாளர் அதற்காகத்தான் வருந்துகிறார் என்று சொன்னாராம். பிறகு சாரே வந்து பொம்மையக்காவிடம் சொன்னார். "உங்களக் காப்பாத்தத்தான்க்கா சொன்னேன்." அந்த அம்மாள் பொம்மையக்காவின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தலையசைத்தார். புதுத் திட்டத்தில் புதுப் பொம்மைகள் சேர்ந்தன. கூட்டத்துக்கு வந்ததில் உடனே நிறைவேறிய கோரிக்கை அது ஒன்றுதான். யாரும் கேட்காத கோரிக்கை.

புதுப் பொம்மைகள் வந்தன. இவை 'கீ' என்று அழவில்லை. அசல் குழந்தை ஒன்றின் அழுகையைப் பதிவு செய்து உள்ளே வைத்திருந்தார்கள். குமிழுக்குப் பதில் பொத்தான். முதல் தடவை அலுவலகத்தில் அதை அழுத்திக் காட்டியபோது பொம்மையக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். விடவில்லை. கடைசி பஸ் சிஸ்டரிடம் நேரில் போய், மூச்சுப் பை வராது என்று ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அதற்காகவே அந்தப் பக்கத்துப் பயிற்சியை முதலில் போட்டுக்கொண்டாள்.

அன்று சந்தை நாள். ஜீப்பை விட்டு இறங்கும்போதே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் காலித் துணிப் பை. யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரைவர் பெட்டியை இறக்கி அவள் காலடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

"பெட்டியில என்னங்க?" என்றாள் அந்தப் பெண்.

பொம்மையக்கா பூட்டின் மேல் கையை வைத்தாள். "பொம்மைம்மா. நர்ஸுங்க படிக்கறதுக்கு."

"பாக்கலாமா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பெட்டியைத் திறந்தாள். புறப்படும்போதே தண்ணீர் நிரப்பியிருந்த பொம்மை ஒன்று மேலாக இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் கை தானாகப் போய்ப் பொம்மையின் தலைக்குக் கீழே நின்றது. தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழுமா?"

"அழும்."

"அழ வைங்க."

பொம்மையக்கா பொத்தானை அழுத்தினாள். பசியும் கோபமுமாக ஒரு குழந்தையின் குரல் அந்த வாசல் முழுக்க வீறிட்டது. உள்ளேயிருந்து சிஸ்டர் கதவு வரைக்கும் ஓடிவந்து, அங்கேயே நின்றுவிட்டாள். அழுகை முடியும் வரை அந்தப் பெண் அசையாமல் கேட்டாள்.

"இப்படித்தான் அழுதிருக்கும், இல்ல?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொம்மையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். துண்டு விலகியிருந்ததை இழுத்து மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள்.

பொம்மையக்கா அன்று பாடத்தை எப்படி நடத்தி முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. முடிந்ததும் பெட்டியிலிருந்து ஒரு மூச்சுப் பையை முகமூடியோடு எடுத்து சிஸ்டரின் கையில் வைத்தாள்.

"எண்ணி ஒப்படைக்கணுமேக்கா?"

"ஒப்படைச்சுக்கறேன்."

"உங்க வேலை?"

"வேலை போனா போகட்டும்டி. இந்தப் பை உங்களுக்கு வரப்போறதில்ல. நான் வந்துடும் வந்துடும்னு சொன்னதெல்லாம் பொய். எனக்கே தெரியாம சொன்ன பொய். மன்னிச்சிடும்மா."

சிஸ்டர் பையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், மருந்துத் தண்ணீரில் ஊற வைத்தாள், பிரசவ மேசையின் தலைமாட்டில் கைக்கு எட்டும் இடத்தில் ஆணியடித்து மாட்டினாள். நன்றி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. பொம்மையக்கா அதை எதிர்பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து தையல்காரரிடம் சொன்னாள். "பென்ஷன் போச்சுன்னா மிஷின் இருக்கு. பித்தான் தைக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்," என்றார் அவர். அவளுக்கு வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது. மறுநாள் காலை, ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே கிடங்குக்குப் போனாள். தொலைந்துவிட்டது என்று சொல்லப்போவதில்லை. நான்தான் கொடுத்தேன், என்னிடம் பிடித்துக்கொள்ளுங்கள், திட்டத்தை நிறுத்தாதீர்கள். இதுதான் அவள் சொல்ல இருந்தது.

கிடங்குக்காரர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். பின்னால் கூரை வரைக்கும் பெட்டிகள். அவள் சுமந்து சுமந்து கொண்டுவந்து கொடுத்த பழைய பெட்டிகளும் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாகத் தூசி படிந்து கிடந்தன.

"அந்த மூலையில போட்டுட்டுப் போங்கக்கா," என்றார்.

பொம்மையக்கா நின்றாள். "எண்ணிப் பாருங்க."

"எதுக்கு?"

"எண்ணி ஒப்படைக்கணுமில்ல. உள்ள ஒண்ணு குறையுது. நான்..."

"குறைஞ்சா குறையட்டும்க்கா. பெட்டி வந்துடுச்சான்னுதான் பாப்பேன். திறந்து பாக்க எங்கிட்ட சாவியே கிடையாது."

"தணிக்கைக்காரங்க?"

"அவங்க வந்தா இங்கேயே நின்னு, எத்தனை பெட்டின்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போவாங்க. தூசி ஒத்துக்காதுன்னு உள்ள வர மாட்டாங்க." அவர் காதிலிருந்து குச்சியை எடுத்துப் பார்த்தார். "ஏன்க்கா ஒரு மாதிரி நிக்கறீங்க? உக்காருங்க."

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "போன தடவையும் எண்ணலையா?"

"எந்தத் தடவையும் எண்ணினதில்லக்கா. இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து ஒரு பெட்டியக்கூட யாரும் திறந்ததில்ல."

வெயிலில் வந்த மயக்கம் என்று நினைத்து அவர் எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பொம்மையக்கா வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. சிஸ்டர் பெட்டியை ஜீப்பில் ஏற்றிவிட்ட அந்த நாளில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் குழந்தை இன்னும் வயிற்றுக்குள் உயிரோடு இருந்தது. ஒரே ஒரு பையைக் கொடுத்துவிட்டு அவள் வந்திருக்கலாம். கேட்க யாருமே இருந்திருக்கவில்லை.